நின்று பார்க்கக்கூடிய கரை

தோர்ண்டன் ஹீத் பொன்ட் என்று ஒரு பஸ் தரிப்பிடம் உண்டு. பொன்ட் என்றால் குளம். ஆனால் அங்கே குளத்தைத் தேடினால் கிடைக்காது. அதை எப்போதோ நிரப்பி, வாகனங்கள் சுற்றிப் போகிற வட்டமாக்கி விட்டார்கள். பெயர் மாத்திரம் மிஞ்சியிருக்கிறது. இலண்டனிலிருந்து தெற்கே கடலை நோக்கிப் போன வண்டிகளின் குதிரைகள் ஒருகாலத்தில் இங்கேதான் தண்ணீர் குடித்தன. பக்கத்தில் தூக்குமரம் நின்ற திடலுக்குக் கலோஸ் கிறீன் என்று பெயர். அதற்கும் முன்னர் இந்தப் பக்கமெல்லாம் காடு. காட்டில் மரம் எரித்துக் கரி சுட்டவர்கள் இலண்டன் நகரத்து அடுப்புகளுக்கு அதை விற்றுப் பிழைத்தார்கள். கொலியர்ஸ் வோட்டர் லேன் என்ற வீதியின் பெயர் அவர்களுடைய ஞாபகந்தான். ஆகவே, அடுப்புக்கு முன்னால் நின்று பிழைக்கிற எங்களுக்கு இந்த ஊரில் முன்னோர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நாங்கள் நால்வர். நால்வரும் உணவகத் தொழிலாளர்கள். ஒருவர் தோசைக்கல், ஒருவர் கறிச்சட்டி, ஒருவர் மேசை. மற்றவர் கோப்பை கழுவத் தொடங்கிக் கொத்துரொட்டி வரை உயர்ந்தவர். எங்களில் இருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டு வந்தவர்கள். அந்தப் பாதிப் படிப்புத்தான் இந்தக் கட்டுரைக்கும் காரணம், இதன் குறைகளுக்கும் காரணம்.

எங்கள் வாசலால் போகிற இலண்டன் வீதி ஐம்பது மைலுக்குள் கடலில் போய் முடிகிறது என்பது எங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடங்களாக அதன் முடிவைப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம். உண்மை அதுவல்ல. கொத்துரொட்டி நண்பருக்கு விசா இல்லை. விசா இல்லாதவன் துறைமுகப் பக்கம் போகக்கூடாது என்று, வந்த புதிதில் யாரோ மூத்தவர் சொன்ன புத்திமதியை அவர் வேதவாக்காக வைத்திருந்தார். அவரை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. 2025 வசந்தத்தில் அவருக்கு விசா கிடைத்தது. கோடையில் ஒரு திங்கட்கிழமை, கடை பூட்டிய நாளில், இடியப்பமும் சம்பலும் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியுமாக வெளிக்கிட்டோம்.

*

குளமில்லாத அந்த வட்டத்தில் ஏ-23 வீதி வலப்பக்கம் திரும்பி, குறொய்டன் நகரத்தைத் தவிர்த்துப் பேர்லி வே வழியாகப் போகிறது. நகரத்துக்குள்ளேதான் எங்களைப் போன்றவர்களின் கோப்புகள் கிடக்கிற அலுவலகம். வீதி போட்டவர்கள் எங்களை நினைத்துப் போடவில்லை என்றாலும் அன்றைக்கு அவர்களுக்கு நன்றி சொன்னோம்.

பேர்லி வேயின் ஓரத்தில் பழைய குறொய்டன் விமான நிலையத்தின் கட்டடம் நிற்கிறது. 1920இல் தொடங்கி 1959இல் மூடப்பட்ட நிலையம் அது. இந்தக் கட்டடம் 1928இல் திறக்கப்பட்டது. 1929 மார்ச் 30ம் திகதி இங்கிருந்துதான் இம்பீரியல் எயார்வேய்ஸ் கராச்சிக்கான சேவையைத் தொடங்கியது. வழியில் ஒரு பகுதியை ரயிலில் கடக்க வேண்டியிருந்தது. 1932 ஒக்ரோபர் 15இல் ரற்றா நிறுவனத்தின் சிறு விமானம் கராச்சியில் தபாலை வாங்கிப் பம்பாய் வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனது. நாங்கள் வருவதற்கு எண்பது வருடங்களுக்கு முன்னரே கடிதங்கள் இந்த வழியைப் பழகிவிட்டன.

நிலையம் மூடப்பட்ட பின்னர் அந்த நிலத்தின் ஒரு பகுதியில் ரவுண்ட்ஷோ என்ற குடியிருப்பு எழுந்தது. இதைச் சொன்னபோது கொத்துரொட்டி நண்பர் காரின் பின் ஆசனத்திலிருந்து, "எங்கடை ஊரிலை மறுவளம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் பலாலிக்காரர். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை போட்ட பலாலி ஓடுபாதையைச் சுற்றி, 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபோது, வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி வெறுமையானது. ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. நண்பர் அப்போது பத்து மாதக் குழந்தை. மல்லாகம் கோணப்புலம் முகாமில் வளர்ந்தார். கடலோரக் கிராமத்தில் பிறந்த ஒருவர் தன் ஊர்க் கடலைக் காணாமலே மனிதனானார். அவருடைய தகப்பனார் கடற்றொழிலாளி. முகாமில் அவருக்குக் கூலி வேலைதான் கிடைத்தது. அந்த முகாமிலேயே காலமானார்.

*

பிரைற்றனுக்குள் இறங்க முன்னர் பச்சம் என்ற இடத்தில் வீதியை விட்டு விலகி, மாடுகளும் செம்மறிகளும் மேய்கிற மேட்டில் அரைமணிக்கு மேல் நடந்தோம். புல்வெளியின் நடுவே எட்டுத் தூண்களில் ஒரு வெள்ளைப் பளிங்குக் குடை. சத்திரி என்று பெயர். முதலாம் உலகப்போரில் பிரான்சில் காயப்பட்டுப் பிரைற்றன் மருத்துவமனைகளில் இறந்த இந்துச் சிப்பாய்களையும் சீக்கியச் சிப்பாய்களையும் எரித்த இடம் இது. ஐம்பத்துமூன்று பேர். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். ஹென்றிக்ஸ் என்ற இந்தியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த இந்த நினைவிடத்தை 1921 பெப்ரவரி 1ம் திகதி வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். எரிந்தவர்களின் பெயர்களைப் பொறித்த கல் வருவதற்கு 2010 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. முஸ்லிம் சிப்பாய்களை வோக்கிங்கில் அடக்கம் செய்தார்கள்.

அந்தப் பெயர்களை ஒன்றுவிடாமல் வாசித்தோம். அவற்றில் தமிழ்ப் பெயர் எதையும் நாங்கள் அடையாளம் காணவில்லை. ஆனாலும் நால்வரும் தொப்பிகளைக் கழற்றியிருந்தோம். ஊருக்குத் திரும்ப முடியாமல் வேற்று நிலத்தில் எரிவது எப்படியென்று எங்களுக்கு ஓரளவு தெரியும். எங்களோடு வேலை செய்த ஒருவரை இலண்டன் மயானத்தில் எரித்துவிட்டு, அன்றிரவே கடை திறந்தவர்கள் நாங்கள்.

காயப்பட்ட சிப்பாய்கள் 1914 டிசெம்பரில் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று பிரைற்றனின் அரச மாளிகை. வெங்காயம் போன்ற கும்மட்டங்களும் தூபிகளுமாக வடஇந்திய அரண்மனையின் சாயலில் ஜோன் நாஷ் என்பவர் 1815 முதல் 1822 வரை கட்டிய மாளிகை அது. பிற்காலத்தில் நான்காம் ஜோர்ஜ் ஆன இளவரசர் தன் கேளிக்கைக்காகக் கட்டுவித்தார். எங்கள் வாசலால் போகிற வீதியில் குதிரைவண்டிகள் பறந்ததற்கும், குளத்தடியில் குதிரைகள் தண்ணீர் குடித்ததற்கும் பெருங்காரணம் அவருடைய பிரைற்றன் மோகந்தான். இந்தியரைப் போன்ற மாளிகையில் இந்தியரைப் படுக்க வைத்தால் தேறிவிடுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. அரசர் தன் மாளிகையையே சிப்பாய்களுக்கு விட்டுக்கொடுத்தார் என்ற எண்ணத்தையும் பரவவிட்டார்கள். மாளிகை 1850இலேயே நகரசபைக்கு விற்கப்பட்டுவிட்டது என்பதைச் சிப்பாய்களுக்குச் சொல்ல யாரும் மினக்கெடவில்லை. படங்களோடு புத்தகம் போட்டார்கள். தபாலட்டைகள் அச்சடித்தார்கள்.

பிரைற்றன் மருத்துவமனைகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் சிகிச்சை பெற்றார்கள். எங்களை நிற்பாட்டி வைத்த தகவல் வேறு. மாளிகையில் ஒன்பது குசினிகள் இருந்தன. முஸ்லிம்களுக்கு வேறு, மச்சம் தின்கிற இந்துக்களுக்கு வேறு, சைவக்காரருக்கு வேறு. தண்ணீர்க் குழாயும் பிரித்தே இருந்தது. ஒரே குசினியில் ஹலால் இறைச்சியும் சைவக் கறியும் தனித்தனிச் சட்டிகளில் சமைத்து, கரண்டி மாறினால் ஏச்சு வாங்குகிற எங்களுக்கு, ஒன்பது குசினி என்பது எவ்வளவு வேலை என்று உடனே விளங்கியது. அந்தச் சமையற்காரர்களின் பெயர்களை எந்தக் கல்லிலும் நாங்கள் காணவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நகரத்தின் பழைய ஏழைகள் தொழில்விடுதியில் அமைந்த கிச்னர் மருத்துவமனையில், சிப்பாய்கள் வெளியே போய் நகரத்தவரோடு, குறிப்பாகப் பெண்களோடு, பழகாமல் இருக்கக் காவல் போட்டு முட்கம்பியும் கட்டினார்கள். இவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் தணிக்கையாளர் மேசைக்குப் போயின. கடலைப் பார்க்கிற ஊரில் படுத்திருந்தும் பலருக்குக் கடற்கரைக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது.

*

கடலைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் ஊரிலிருந்து புறப்பட்டுப் போவது பழைய பழக்கம் அல்ல. பிரைற்றன் ஒரு மீன்பிடி ஊர். 1750களில் றிச்சர்ட் ரசல் என்ற வைத்தியர் கடல்நீரில் குளித்தாலும் அதைக் குடித்தாலும் நோய் தீரும் என்று எழுதி, அந்த ஊரிலேயே வந்து தங்கினார். பணக்காரர்கள் பின்னால் வந்தார்கள். 1783இல் இளவரசர் வந்தார். கடல் காட்சியானது. காட்சிக்கு முன்னால் வீடு கட்டினால் வாடகை கூடியது.

மாளிகையின் பக்கத்தில் ஓல்ட் ஸ்ரெயின் என்ற புல்வெளி இருக்கிறது. மீனவர்கள் வலை காயப்போட்ட பொதுநிலம் அது. சீமான்களும் சீமாட்டிகளும் மாலையில் உலாவ வந்தபோது வலைகள் காலில் தடக்கின. அதனால் நிலத்தைச் சீராக்கி வேலி அடைத்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள், தோற்றார்கள். இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு புல்வெளியைச் சுற்றி நடந்தபோது பலாலி நண்பர், "வலை காயப்போட இடமில்லாட்டில் பிறகேன் கடல்?" என்று கேட்டார். தகப்பனிடம் கேட்ட வசனமாக இருக்கலாம்.

இங்கே எங்கள் தொழிலின் மூதாதை ஒருவரும் இருக்கிறார். பாட்னாவில் 1759இல் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பனிப் படையோடு அலைந்து, அயர்லாந்தின் கோர்க் நகருக்கு வந்து, 1794இல் ஆங்கிலத்தில் தன் பயணநூலை வெளியிட்ட ஷேக் தீன் முகமது. ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியர் அவர்தான். 1810இல் இலண்டன் ஜோர்ஜ் வீதியில் ஹிந்துஸ்தான் கோப்பிக்கடை என்ற உணவகத்தைத் திறந்தார். இந்த நாட்டில் இந்தியர் ஒருவர் நடத்திய முதலாவது இந்திய உணவகம் அது. 1812இல் கடனில் முறிந்தார். இரண்டு வருடத்தில் பிரைற்றனுக்கு வந்து, ஆவிக்குளியலும் உடம்பு பிடித்துவிடுதலுமாக ஒரு குளியல் நிலையம் தொடங்கினார். அந்தப் பிடித்துவிடுதலுக்குத்தான் அப்போது 'சம்பூ' என்று பெயர். நான்காம் ஜோர்ஜுக்கும் நான்காம் வில்லியத்துக்கும் அவர் சம்பூ வைத்தியர். 1851இல் இறந்து சென் நிக்கலஸ் தேவாலய வளவில் அடங்கியிருக்கிறார். கல்லறைக்கு முன்னால் நின்றபோது கறிச்சட்டி நண்பர், "சாப்பாட்டுக்கடை போட்ட முதல் ஆளே முறிஞ்சவர். எங்கடை முதலாளி ஏன் எப்பவும் அழுகிறார் எண்டு இப்ப விளங்குது" என்றார். கல்லறை வளவில் சிரித்தது பிழைதான்.

*

பிரைற்றனிலிருந்து கிழக்கே போகிற ஏ-259 வீதிதான் எல்லோரும் புகழ்கிற கரையோர வீதி. வலப்பக்கம் முழுக்கக் கடல். நியூஹேவன் துறைமுகத்தில் பிரான்சின் டியெப் நகருக்குப் போகிற கப்பல் நின்றது. துறைமுகத்தின் உயர்ந்த வேலியைக் கண்டதும் பலாலி நண்பர் விசாக் கடிதம் சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அதை நாங்கள் காணாதமாதிரி இருந்தோம்.

கப்பலைக் கண்டதும், எங்கள் உணவகத்தில் முன்னர் வேலை செய்த மூத்தவர் ஒருவர் சொல்கிற ஏர்ல் வில்லியம் கதை நினைவுக்கு வந்தது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய அறுபதுக்கு மேற்பட்ட தமிழர்களைத் திருப்பியனுப்ப முயன்றபோது, பலர் விமான நிலையத் தரையில் உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. அந்த வருடமே, ஆவணமில்லாத பயணியை ஏற்றிவருகிற விமான, கப்பல் நிறுவனங்களுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் தண்டம் என்ற சட்டமும் வந்தது. தஞ்சம் கேட்டவர்களை, தமிழர் பலர் உட்பட, ஹார்விச் துறைமுகத்தில் கட்டிவைத்த ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலில் அடைத்து வைத்தார்கள். 1987 ஒக்ரோபர் 16 அதிகாலை இங்கிலாந்தின் தெற்கையும் கிழக்கையும் பெரும்புயல் ஒன்று அடித்தது. ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்த புயல் அது. அந்தப் புயலில் கப்பல் கட்டறுத்துத் தரைதட்டியது. அதன் பிறகு உள்ளே இருந்தவர்களை வெளியே விட வேண்டியதாயிற்று. காற்றுக்கு விசாச் சட்டம் தெரியாது என்று மூத்தவர் கதையை முடிப்பார். நாங்கள் வந்தபோது அந்தப் புயலுக்கு இருபத்தைந்து வயது. அதன் பிறகு பிறந்த தலைமுறைக்கு அந்தக் கப்பலின் பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறோம்.

*

பீச்சி ஹெட் மலைமுகடு கடல்மட்டத்திலிருந்து 162 மீற்றர். பிரித்தானியாவின் சுண்ணக் கடற்பாறைகளில் இதுவே உயரமானது. அதன் மேற்கில் ஏழு சகோதரிகள் என்கிற வெள்ளை மலைகள் வரிசையாக நிற்கின்றன. கடல் அவற்றை வருடா வருடம் அரித்துக்கொண்டு வருகிறது. இடையில் பெல் ரூட் என்ற பழைய வெளிச்சவீடு. 1830களில் கட்டியது. நிலம் கரைந்து விளிம்பு நெருங்கி வந்தபோது, 1999 மார்ச் 17ம் திகதி, 850 தொன் நிறையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே உயர்த்தி, தண்டவாளங்களில் மெல்லத் தள்ளி, பதினேழு மீற்றர் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். இப்போது அது விருந்தினர் விடுதி. ஒரு வெளிச்சவீடு பதினேழு மீற்றர் இடம்பெயர்ந்ததற்கு நாடே கூடி நின்று பார்த்தது. வலிகாமம் வடக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சட்டி பானையோடு நடந்தபோது பார்க்க ஆளில்லை. ஒப்பிடுவது நியாயமில்லை என்று எங்களில் ஒருவர் சொன்னார். நியாயமில்லைத்தான். ஆனால் ஒப்பீடு தானாக வருகிறது.

எங்கள் ஊரிலும் கரையோர வீதி உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பொன்னாலை போய், கீரிமலை, காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று வடகரை முழுவதையும் தொட்டுப் போகிற வீதி. அதன் நடுப்பகுதி 1990இல் அறுந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரும் துண்டு துண்டாகத்தான் நிலம் விடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலை 3ம் திகதி, இருபத்தேழு வருடங்களின் பின்னர், மக்களிடம் வந்தது. 2019 ஒக்ரோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகிற வீதி 2025 ஏப்ரல் 10ம் திகதி திறக்கப்பட்டது. முப்பத்தைந்து வருடம்.

அப்படித் திறந்தபோது நிபந்தனைகள் போட்டார்கள். காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரைதான். இடையில் வாகனத்தை நிறுத்தக்கூடாது. திருப்பக்கூடாது. நடந்து போகக்கூடாது. படம் எடுக்கக்கூடாது.

பீச்சி ஹெட்டில் காரை நிறுத்துமிடத்தில் விட்டு, இயந்திரத்தில் காசு போட்டு, சீட்டை எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்தோம். எல்லோரும் இறங்கிய பின்னரும் பலாலி நண்பர் இறங்கவில்லை. "இஞ்சை எவ்வளவு நேரம் நிக்கலாம்?" என்று கேட்டார். இரண்டு மணித்தியாலத்துக்குக் காசு கட்டியாயிற்று என்றோம். "நிக்கிறதுக்கோ காசு?" என்றார். பிறகு இறங்கினார்.

விளிம்பிலிருந்து தள்ளிப் புல்லில் இருந்துகொண்டு தாயாருக்குக் கைபேசியில் எடுத்தார். தாயார் மல்லாகத்தில் இருக்கிறார். அங்கே இருட்டிவிட்டது. கடலைக் காட்டினார். தாயார் கண்களைச் சுருக்கிப் பார்த்தார். சித்திரையில் வீதி திறந்தபோது தான் பஸ்ஸில் ஏறிப் பலாலிப் பக்கம் போய்வந்த கதையை, நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே கேட்டிருந்தும், இன்னொருமுறை சொன்னார்.

"பஸ் நிக்கேல்லை ராசா. எங்கடை ஒழுங்கை எதெண்டு பிடிபட முந்திக் கடந்திட்டுது. ஒரு பூவரசு நிண்டது. அது எங்கடைதானோ தெரியேல்லை."

பிறகு, "அங்கை நீங்கள் நிண்டு பாக்கலாமோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. நிண்டு பாக்கலாம்."

"அப்ப நல்லா நிண்டு பாருங்கோ."

*

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல், இதே வடகரையின் மாலுமிகளோடு புறப்பட்டு, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதை வாங்கிய வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதற்குத் தன் மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார். எங்களூர்த் தச்சர்கள் செய்த மரக்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்தது என்று இதைப் பெருமையோடு சொல்வது எங்கள் வழக்கம். அன்று மலைமுகட்டில் இருந்தபோது எங்களுக்கு வேறொன்று பட்டது. கடற்றொழிலாளிகளும் மாலுமிகளும் கரையைக் காட்சியாகப் பார்த்தவர்களல்லர். அது அவர்களுக்கு வாசல், வலை காயும் முற்றம். பிரைற்றன் மீனவர்கள் அந்த முற்றத்தைச் சீமான்களின் உலாவலுக்கு இழந்தார்கள். பலாலி மீனவர்கள் போருக்கு இழந்தார்கள். சிப்பாய்கள் முட்கம்பிக்கு இந்தப் பக்கத்தில் நின்று கடல் ஓசையைக் கேட்டார்கள். கரையில் சும்மா நின்று பார்க்கிற உரிமை, அங்கே வாழ்ந்தவர்களுக்கும் வந்திறங்கியவர்களுக்கும் எப்போதும் கடைசியாகவே கிடைத்திருக்கிறது.

அந்த உரிமை எங்களுக்கு அன்றைக்கு இரண்டு மணித்தியாலம், சீட்டோடு, கிடைத்தது. தாயார் சொன்னபடி நல்லாக நின்று பார்த்தோம். சீட்டு முடிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேசை நண்பர் மணிக்கூட்டைப் பார்த்தார். பலாலி நண்பர் எழும்பவில்லை. தண்டம் வந்தால் நால்வரும் பங்குபோட்டுக் கட்டுவோம் என்று முடிவெடுத்து நாங்களும் இருந்துவிட்டோம்.

இரவு பத்து மணிக்குத் தோர்ண்டன் ஹீத் வட்டத்தைச் சுற்றி வீடு திரும்பினோம். குளம் இருந்த இடத்தில் வாகனங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. செவ்வாய் காலை பத்து மணிக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கினோம்.